லாசியஸ் நைகர் எறும்பு வளர்ப்பு: அறிகுறி பார்த்துக் கோளாறைச் சரிசெய்யும் வழி

ஐரோப்பாவில் நடைபாதைக் கல்லைப் புரட்டினால் அடியில் இருப்பது பெரும்பாலும் கறுப்புத் தோட்ட எறும்புதான். அதன் அறிவியல் பெயர் லாசியஸ் நைகர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மழை ஓய்ந்து காற்றில்லாமல் புழுங்கும் பிற்பகல்களில் இதன் சிறகுள்ள ராணிகள் பறந்து இணைசேரும். பிறகு தரையிறங்கி, சிறகை உதிர்த்துவிட்டு, ஒளிய இடம் தேடி ஓடும். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் வளரும் நம் பிள்ளைகள் அப்படி ஒன்றைப் பிடித்து டப்பாவில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்புறம் தொடங்கும் கேள்விகள்.

எனக்குப் படம் அனுப்பிக் கேட்பவர்களின் கோளாறுகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவும் சிரமமும் உள்ளது கடைசியில் வரும். மேலிருந்து கீழே வாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். ஒரே நாளில் குழாய், தீனி, இடம் எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று உங்களுக்கே தெரியாது.

கீழே சொல்வதெல்லாம் இந்த அமைப்பை வைத்துத்தான்: 16 மில்லிமீட்டர் விட்டமும் 15 முதல் 16 சென்டிமீட்டர் நீளமும் உள்ள கண்ணாடி டெஸ்ட் டியூப். அதன் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், தண்ணீரை அடைத்து நிற்கும் இறுக்கமான பஞ்சு, நடுவில் ராணி, வாயில் காற்று போகும்படி தளர்வான பஞ்சு. உங்களிடம் வேறு ஏதாவது இருந்தால் முதலில் இதற்கு மாற்றுங்கள். மண் நிரப்பிய பாட்டிலில் ராணியை விட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவே முடியாது.

ராணி முட்டையே இடவில்லை

*அடிக்கடி பார்க்கிறீர்களா?* பத்துக்கு எட்டு பேருக்குக் காரணம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். இந்த ராணி தனியாகக் கூட்டம் தொடங்கும். முதல் வேலைக்கார எறும்புகள் வரும்வரை அதற்குத் தீனியே வேண்டாம். இனி தேவைப்படாத சிறகுத் தசைகளையும் உடம்பில் சேர்த்த கொழுப்பையும் கரைத்தே முதல் புழுக்களை வளர்த்துவிடும். அதற்கு வேண்டியது இருட்டும் அமைதியும்தான். குழாயைத் துணியிலோ அட்டையிலோ சுற்றி, வாஷிங் மெஷின், ஸ்பீக்கர், பிள்ளைகள் படிக்கும் மேசை ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். வாரம் ஒருமுறை, மங்கிய வெளிச்சத்தில், குழாயை நகர்த்தாமல் பாருங்கள். முட்டைகள் ரவையைவிடப் பொடியாக, ஒன்றோடொன்று ஒட்டிய ஒரு சிறு குவியலாக ராணியின் தலைக்கடியில் இருக்கும். பூதக்கண்ணாடி இல்லாமல் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள்.

*குளிராக இருக்கிறதா?* 18 டிகிரி அறையில் எல்லாமே மந்தமாகத்தான் நடக்கும். 22 முதல் 26 டிகிரிக்குள் கொண்டுவாருங்கள். வெயில் படும் ஜன்னலோரம் மட்டும் வேண்டாம், கண்ணாடிக் குழாய் சில நிமிடங்களில் கொதித்துவிடும்.

*பிடித்தது ஆகஸ்ட் கடைசியிலா?* அப்படியென்றால் சில ராணிகள் அந்த ஆண்டு கொஞ்சமாக இட்டு நிறுத்திக்கொள்ளும், அல்லது இடாமலே இருந்துவிடும். குளிர்கால உறக்கத்துக்கு அனுப்பிவிட்டு வசந்தத்தில் பாருங்கள்.

*இது நைகர்தானா?* நைகர் ராணி 8 முதல் 9 மில்லிமீட்டர் இருக்கும், நிறம் கறுப்பு அல்லது கரும்பழுப்பு. வயிற்றின் அடிப்பக்கம் மஞ்சளாக இருந்தால் லாசியஸ் ஃபிளாவஸ் ஆக இருக்கலாம். அதுவும் தானே கூட்டம் தொடங்கும், வளர்ப்பு முறையும் பெரிதாக மாறாது. செம்பழுப்பு நிறமும் மார்பைவிட அகன்ற தலையும் இருந்தால் லாசியஸ் அம்பிராட்டஸ் என்று சந்தேகப்படுங்கள். அது ஒட்டுண்ணி இனம். வேறு லாசியஸ் கூட்டத்துக்குள் நுழைந்து அங்குள்ள ராணியின் இடத்தைப் பிடிக்கும், தனியாக முதல் புழுவைக்கூட வளர்க்காது. பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவதுதான் நல்லது.

*இணைசேர்ந்த ராணியா?* சிறகு இன்னும் உதிராமல் இருந்தால் பறப்புக்கு முன்பே பிடிபட்டிருக்கலாம். ஆனால் சிறகோடு இருந்தே நன்றாக முட்டையிடும் ராணிகளும் உண்டு, அதனால் பொறுத்துப் பாருங்கள்.

நிபுணரைக் கேட்க வேண்டிய இடம்: இனம் எது என்ற குழப்பம் தீராவிட்டால் அருகிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குத் தெளிவான படங்களோடு எழுதிக் கேளுங்கள். ஜெர்மனியில் கோர்லிட்ஸ் நகரின் சென்கென்பெர்க் அருங்காட்சியகம் எறும்பு வகைப்பாட்டுக்குப் பேர்போனது.

முட்டை இருந்தது, இப்போது இல்லை

ராணியே தின்றிருக்கும். பதற்றம் வந்தால் முட்டையில் போட்ட சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வது அதன் வழக்கம். குழாயை மறைத்துவைத்து இரண்டு வாரம் தொடாதீர்கள், பெரும்பாலும் மறுபடி இடும்.

மாதக்கணக்கில் இப்படியே நடந்து, ராணியின் வயிறும் சுருங்கித் தெரிந்தால் மட்டும் பல்குச்சி முனையில் ஒரு சிறு துளி தேன் தண்ணீர் கொடுங்கள். ராணி குடித்ததும் துடைத்துவிடுங்கள்.

ஒரே குழாயில் இரண்டு மூன்று ராணிகளை வைத்திருந்தால் அது தனிப் பிரச்சினை. தொடக்கத்தில் சேர்ந்து முட்டையிட்டு ஒற்றுமையாகத்தான் இருக்கும். முதல் வேலைக்கார எறும்புகள் வெளிவந்ததும் சண்டை மூண்டு, கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும், சில நேரம் அதுவும் கால் இழந்து நிற்கும். புழுக்கள் கூட்டுப்புழு ஆகும்போதே பிரித்துவிடுங்கள்.

கூட்டுப்புழு அப்படியே கிடக்கிறது

முட்டையிலிருந்து முதல் வேலைக்கார எறும்பு வர 24, 25 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அறை குளிர்ந்தால் இன்னும் நீளும். கூட்டுப்புழுவின் வெளிர்பழுப்பு உறையில், ஒரு முனையில் கறுப்புப் புள்ளி தெரியும். ‘அழுகிவிட்டதா?’ என்று பலர் பயந்து கேட்பது இதைத்தான். புழு உறை கட்டிக்கொள்ளும்போது கழித்த கழிவு அது, ஆரோக்கியமான அறிகுறிதான். உறையில்லாமல் வெள்ளையாகக் கிடக்கும் கூட்டுப்புழுவும் சில நேரம் வரும், அதுவும் எறும்பாகும்.

முதல் தலைமுறையின் உறைகள் சின்னஞ்சிறியவை. அவை வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாக இருந்து, உள்ளேயிருந்து சிறகுள்ள எறும்பு வந்தால் அது ஆண். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் மட்டுமே பிறக்கும். வந்ததெல்லாம் ஆணாக இருந்தால் ராணி இணைசேரவில்லை என்று பொருள். இதற்கு மருந்து கிடையாது, அடுத்த கோடையில் வேறு ராணி தேட வேண்டியதுதான்.

குழாயில் பூஞ்சை, வெள்ளம், வறட்சி

பஞ்சு மஞ்சளாகி, கறுப்புப் புள்ளிகள் விழுந்தால் உடனே பதறாதீர்கள். எறும்புகள் மறுமுனையில் நலமாக இருந்தால் அது காத்திருக்கலாம். பூஞ்சை நூல் நூலாக வளர்ந்து புழுக்களை நெருங்கினால்தான் மாற்ற வேண்டும்.

கண்ணாடியின் உட்புறம் முழுக்க நீர்த்துளி நின்றால், குழாயைச் சூடாக்க வைத்த மின் வெப்பப் பாய் இருக்கும் இடத்தைப் பாருங்கள். அது தண்ணீர் பக்கமாக இருந்தால் ஆவியாகி மறுபக்கம் வந்து படியும். பாயைக் குழாயின் வாய்ப்பக்கம் ஒரு ஓரத்துக்கு நகர்த்துங்கள், அல்லது எடுத்தேவிடுங்கள். நைகருக்கு வெப்பப் பாய் கட்டாயமில்லை.

பஞ்சு நழுவித் தண்ணீர் பரவிவிட்டது, அல்லது தண்ணீர் அடியோடு வற்றிவிட்டது என்றால் அதுதான் அவசரம். புதுக் குழாய் ஒன்றைத் தயார்செய்து, இரண்டின் வாயையும் நேருக்கு நேர் வைத்து டேப் ஒட்டுங்கள். புதியதை இருட்டாக்கி, பழையதை வெளிச்சத்தில் விடுங்கள். நீரில் மிதந்து செத்ததுபோல் கிடக்கும் எறும்பை வீசிவிடாதீர்கள். உலர்ந்த டிஷ்யூ தாளில் வைத்தால் சில மணி நேரத்தில் மீசையை அசைத்து எழுந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

புதுக் குழாய்க்கோ கூட்டுக்கோ போக மறுக்கின்றன

புதிய இடம் இருட்டாக, ஈரமாக, பழையதைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் காத்திருப்பது ஒன்றே வேலை, சில கூட்டங்கள் வாரக்கணக்கில் யோசிக்கும். தட்டிக் கொட்டுவது உயிராபத்து வந்தால் மட்டும். இந்த இனம் பயந்தால் ஃபார்மிக் அமிலம் பீய்ச்சும். அடைத்த சிறு குழாயில் அந்த ஆவியே அவற்றுக்கு நஞ்சாகிவிடும். தவிர்க்க முடியாமல் கொட்டினால் சிறிது நேரம் காற்றோட்டமாக விடுங்கள்.

பெரிய கூட்டுக்கு அவசரப்படாதீர்கள். நாற்பது ஐம்பது எறும்புகள் சேரும்வரை குழாய்தான் நல்ல வீடு. பத்து எறும்பு உள்ள குடும்பத்தை விரிந்த அக்ரிலிக் கூட்டில் விட்டால், குப்பையை உள்ளேயே ஒரு மூலையில் கொட்டும். நீங்கள் எட்ட முடியாத அந்த மூலையில் பூஞ்சை பிடிக்கும். கடையில் வாங்கிய அழகான கூடு ஆறு மாதம் அலமாரியில் காத்திருக்கட்டும்.

தீனியைத் தொடுவதில்லை

எறும்புகளின் வயிற்றைப் பாருங்கள். நைகரின் வயிற்றில் கறுப்புத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். நன்றாகக் குடித்த எறும்பின் வயிறு உப்பி, தகடுகள் விலகி, இடையில் வெளிர்ந்த கோடுகள் தெரியும். கோடு தெரிந்தால் பசியில்லை, அவ்வளவுதான். நீங்கள் தூங்கும்போது அவை குடித்திருக்கும்.

கோடு தெரியவில்லை, வயிறு ஒட்டியிருக்கிறது என்றால் இனிப்பைப் புதிதாகக் கலக்குங்கள்: ஒரு பங்கு சர்க்கரை, மூன்று பங்கு தண்ணீர். குழாய் வாய்க்கு அருகே, சிறு அலுமினியத் தாள் துண்டில் வையுங்கள். முதல் தலைமுறை எறும்புகள் மிகச் சிறியவை, தேங்கிய துளியில் மூழ்கிவிடும். அதனால் துளியைத் துளியாக விடாமல் பஞ்சு நுனியில் நனைத்துக் கொடுங்கள். இரண்டு மூன்று நாளில் மாற்றிவிடுங்கள்.

பூச்சியைத் தொடவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது, கூட்டில் புழுக்கள் இருக்கின்றனவா என்பது. புரதம் புழுக்களுக்கும் முட்டையிடும் ராணிக்கும்தான் அதிகம் வேண்டும். புழு இல்லாதபோதும் இலையுதிர் காலத்திலும் அவை பூச்சியை ஒதுக்குவது இயல்பு. புழு இருந்தும் தொடாவிட்டால் இரை பெரிதாக இருக்கலாம். பழ ஈ ஒன்று, அல்லது மாவுப்புழுவை வெட்டிய ஒரு துண்டு, சாறு வெளியே தெரியும்படி வைத்துப் பாருங்கள். முன்கூட்டியே உறையவைத்தோ கொதிநீரில் முக்கியோ கொடுப்பது நல்லது. மீந்ததை மறுநாளே எடுத்துவிடுங்கள்.

எறும்புகள் சாகின்றன

இங்கே இரண்டு வழி பிரிகிறது. எந்த வழி என்பதை அன்றே கண்டுபிடிக்க வேண்டும்.

*அவ்வப்போது ஒன்றிரண்டு சாகின்றன.* பிணங்கள் ஓரிடத்தில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன, மற்றவை சுறுசுறுப்பாக இருக்கின்றன. இது முதுமை. முதல் தலைமுறை எறும்புகள் பின்னால் வருபவற்றைவிடக் குறைந்த காலமே வாழும். புதுக் கூட்டுப்புழுக்கள் இருக்கும்வரை கவலை இல்லை. இல்லையென்றால் தீனி, வெப்பம், ஈரம் என்ற வரிசையில் சரிபாருங்கள்.

*ஒரே நாளில் பல சாகின்றன.* மல்லாந்து விழுகின்றன, கால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன, நடக்க முயன்று பக்கவாட்டில் சரிகின்றன. இது நஞ்சு. நோய் என்று நினைத்து நேரம் கடத்தாதீர்கள். உடனே குழாயை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுபோங்கள், தீனி முழுவதையும் அகற்றுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவியபின் சுத்தமான புதுக் குழாயை இணையுங்கள். அப்புறம் காரணம் தேடுங்கள். பிளக்கில் செருகும் கொசு விரட்டி ஓடியதா? நாய்க்கோ பூனைக்கோ தெள்ளுப்பூச்சி மருந்து தடவிய கையால் தொட்டீர்களா? வெளியிலிருந்து பிடித்துவந்த ஈயோ வெட்டுக்கிளியோ கொடுத்தீர்களா? மருந்தடித்த தோட்டத்துப் பூச்சி ஒன்று போதும், அதன் நஞ்சு வாய்க்கு வாய் பரிமாறப்பட்டு ராணிவரை போகும். கூட்டை வாசனைத் திரவம் போட்டுத் துடைத்தீர்களா? எறும்புகள் தீனி தேடி வந்துபோகும் தொட்டியின் விளிம்பில், அவை ஏறித் தப்பாமலிருக்கப் பூசிய டால்கம்–ஆல்கஹால் கலவை முழுவதும் காயும் முன்பே எறும்புகளை விட்டீர்களா?

*ராணி செத்துவிட்டது.* வேலைக்கார எறும்புகள் சில நாட்கள் அதைச் சுற்றி நின்று நக்கிக்கொண்டே இருக்கும், அதனால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கால்கள் உள்நோக்கி மடங்கி, மீசை அசையாமல் இருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள். வேறு ராணியைக் கொண்டுவந்து வைத்தால் கொன்றுவிடும். மிச்சமுள்ளவை பல மாதங்கள்கூட வாழும். அவற்றுக்குத் தீனி கொடுத்துக் கடைசிவரை பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. வளர்ப்பில் ஒரு நைகர் ராணி 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது பதிவாகியிருக்கிறது. கவனமாகப் பார்த்துக்கொண்டால் எவ்வளவு நீண்ட வாழ்க்கை சாத்தியம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கால்நடை மருத்துவரிடம் எறும்பைக் கொண்டுபோய்ப் பெரிய பலன் இருக்காது. ஆனால் நஞ்சு உங்கள் வீட்டில் அடித்த பூச்சிமருந்து என்றால், எந்த மருந்து, எவ்வளவு நாள் தங்கும் என்று அடித்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதுவரை எறும்புகள் வேறு வீட்டில் இருக்கட்டும்.

உடம்பில் வெள்ளைப் புள்ளிகள்

அசையாமல் கொத்தாக ஒட்டியிருக்கும் வெள்ளைப் புள்ளிகள் பெரும்பாலும் சவாரி செய்யும் உண்ணிகள். எறும்பின் இரத்தத்தைக் குடிக்காமல், அடுத்த இடத்துக்குப் போக அதன் முதுகைப் பிடித்திருப்பவை. மீந்த இரையை எடுத்து, தொட்டியை உலரவிட்டு, புதுக் குழாய் கொடுத்தால் குறைந்துவிடும். எறும்பின் உடல் மூட்டில் தனியாக ஒட்டி, நாளுக்கு நாள் உப்பும் உண்ணிதான் ஆபத்து. ராணியின் உடம்பில் இருந்தால் மெல்லிய ஓவியத் தூரிகை நுனியால் எடுக்கப் பாருங்கள். தொட்டி முழுக்கப் பெருகினால், மற்ற உண்ணிகளைத் தின்னும் கொன்றுண்ணி உண்ணிகளைத் தோட்டக் கடைகளில் வாங்கி விடும் வழி இருக்கிறது. பணம் செலவாகும், அதனால் சுத்தம் செய்து பார்த்த பிறகே அதற்குப் போங்கள். உண்ணி மருந்து மட்டும் எந்த வடிவிலும் வேண்டாம். உண்ணியைக் கொல்வது எறும்பையும் கொல்லும்.

அக்டோபரில் எல்லாம் அடங்கிவிட்டது

முட்டை நின்றுவிட்டது, புழுக்கள் வளராமல் அப்படியே இருக்கின்றன, யாரும் வெளியே வருவதில்லை. ஹீட்டரைக் கூட்டி எழுப்பப் பார்க்காதீர்கள். இது குளிர்கால உறக்கத்துக்கான தயாரிப்பு. ஐரோப்பிய எறும்புக்கு இது உடம்பிலேயே ஊறிய சுழற்சி. வருடா வருடம் தவிர்த்தால் ராணி தளர்ந்துவிடும்.

இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குளிரவைத்து, நவம்பரிலிருந்து பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் வரை 5 முதல் 8 டிகிரியில் வையுங்கள். வேலைக்கார எறும்பு ஒன்றுகூட இல்லாத தனி ராணிக்கும் இதுதான். நிலவறை கிடைத்தால் நல்லது, ஆனால் ஹீட்டர் குழாய் ஓடும் சுவரோரம் வைத்தால் நடுவில் விழித்துக்கொள்ளும். தெர்மாமீட்டர் ஒன்றை அருகில் போட்டு வையுங்கள். ஃப்ரிட்ஜ் என்றால் காய்கறி அறை. வாரம் ஒருமுறை கதவைத் திறந்து காற்று விடுங்கள். அங்கே காற்று வறண்டிருக்கும், தண்ணீர் மட்டத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். பால்கனி வேண்டாம். ஓர் இரவு உறைபனியில் குழாய் நீர் பனிக்கட்டியாகிக் கண்ணாடி விரிசல் விடும்.

வசந்தத்தில் எடுத்ததும் அசையாமல் கிடந்தால் அறை வெப்பத்தில் ஒரு நாள் முழுக்கப் பொறுங்கள். முதலில் இனிப்பு, சில நாள் கழித்துப் பூச்சி.

தப்பித்து ஓடுகின்றன

தொட்டி விளிம்பில் விரலால் தடவிப் பாருங்கள். பூசிய டால்கம் உதிர்ந்திருக்கும், அல்லது ஈரம் பட்டிருக்கும். துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். பாரஃபின் எண்ணெயும் வேலை செய்யும், மெல்லிய ஒரு படலம் போதும், வழிந்தால் எறும்பு சிக்கிக்கொள்ளும். அடுத்து டியூப் இணைப்புகள், மூடியின் வலை. திரும்பத் திரும்ப ஓடினால் உள்ளே ஈரமில்லை, அல்லது இடம் பற்றவில்லை.

தப்பித்த வேலைக்கார எறும்புகளால் வீட்டில் புதுக் கூட்டம் அமையாது, ராணி உள்ளே இருக்கும்வரை பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சுவரிலிருந்து வரிசை வரிசையாக வந்துகொண்டே இருந்தால் அவை உங்கள் எறும்புகள் அல்ல. ஈரத்தில் நைந்த உத்திரத்தில் லாசியஸ் புருனியஸ் குடியிருக்கலாம். அப்படியென்றால் மரவேலை தெரிந்தவர் வந்து ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் பல சிறிய ராணிகள் கிடைத்தால் லாசியஸ் நெக்லெக்டஸ் என்று சந்தேகப்படுங்கள். புடாபெஸ்ட்டில் கிடைத்ததை வைத்து 1990இல் விவரிக்கப்பட்ட, நைகரைப் போலவே தோன்றும், பரவிப் படரும் இனம் இது. இதைப் பிடித்து வளர்க்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். சில எறும்புகளை ஆல்கஹாலில் போட்டு அருங்காட்சியகத்தில் காட்டி உறுதிசெய்யுங்கள். அதன்பின் முறையாகப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளரை அழையுங்கள். கடையில் வாங்கிய ஸ்பிரே வெளியே நடமாடுபவற்றை மட்டுமே கொல்லும்.

வளர்க்க முடியவில்லை

நீங்களே பிடித்த ராணியையும் அதன் கூட்டத்தையும், பிடித்த இடத்திலேயே, கோடைத் தொடக்கத்தில் விடலாம். கடையில் வாங்கியது எங்கிருந்து வந்தது என்று தெரியாது, அதை வெளியில் விடாதீர்கள். வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் கொடுங்கள். ஊருக்குப் போகும்போது பெட்டியில் எடுத்துச்செல்லும் எண்ணம் கூடவே கூடாது. அயல்நாட்டு எறும்பு புது மண்ணில் என்ன செய்யும் என்பதற்கு நெக்லெக்டஸே போதிய சாட்சி. அப்புறம், காட்டில் ஊசியிலைக் குவியலாகப் பெரிய புற்று கட்டும் சிவப்பு வன எறும்புகளின் ராணியைப் பதிலுக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். ஜெர்மனியில் அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அந்தப் புற்று ஆபத்தில் இருப்பதைக் கண்டால் டாய்ச்சே அமைசன்ஷுட்ஸ்வார்ட்டே என்ற எறும்புப் பாதுகாப்பு அமைப்பின் உங்கள் மாநிலக் கிளைக்குச் சொல்லுங்கள்.